பராக்கு பார்த்தவளும் பாதி ஸ்வெட்டரும்

அவளுக்குப் பராக்கு என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா. ஐந்தாம் மாடியில் அவர்கள் வீடு. சமையலறை ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. பாலை அடுப்பில் வைத்து, "பொங்கினதும் அணைச்சுடு" என்று சொல்லிவிட்டு அம்மா துணி மடிக்கப் போவார். பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை கூடம் வரை வந்த பிறகும் அவள் ஜன்னலோரமாகவே நின்றிருப்பாள். கீழே பேருந்துகளைக் கழுவும் இடத்தில் தண்ணீர்ப் புகை எழும். ஒரு பேருந்து அதற்குள் மெல்ல நுழைந்து கரைந்துபோகும். சற்று நேரம் கழித்து மறுபக்கம் பளபளவென்று வெளியே வரும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே பேருந்துதானா என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம்.

"இவ பராக்கு பாத்தே பொழுதைக் கழிக்கறா. இவளுக்குப் பேரே பராக்குதான்" என்றாள் அக்கா. பள்ளி, கல்லூரி என்று அந்தப் பெயரும் கூடவே வந்தது.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு அவள் எங்கள் அணிக்கு வந்தாள். மென்பொருளைக் குழுவாகச் சேர்ந்து உருவாக்குவது எப்படி என்று ஒரு பாடம். தேர்வு கிடையாது. நான்கு நான்கு பேராகப் பிரித்து, வெளியே உண்மையாகவே ஏதோ ஒன்று தேவைப்படும் ஓர் இடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதுவரை செய்ததை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அப்படி ஆறு ஸ்பிரிண்ட். தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றபடியே பேசிக்கொள்ள வேண்டும்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடுக்கிறது.

அணியில் என்னை நெட்டை என்பார்கள். எல்லாரையும் ஒன்றுகூட்டுவது என் பொறுப்பு. நிரல் எழுதுவது புயல். அவன் விரல் விசைப்பலகையில் இறங்கினால் பக்கத்து மேஜை ஆடும். திரைகளை வரைவது மௌனி. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். மிச்சம் இருந்தது சோதனைப் பொறுப்பு. அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. யாருக்கும் அது வேண்டாம்.

"சோதனையை யார் எடுத்துக்கப் போறீங்க?" என்று பேராசிரியை கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். பராக்கு மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பராக்கு எடுத்துக்கறா மேடம்" என்றான் புயல்.

"அப்படியாம்மா?"

"ம்?" என்று திரும்பினாள் அவள்.

"சரின்னுட்டா மேடம்."

அந்த வேலை அப்படித்தான் அவள் தலையில் விழுந்தது.

எங்களுக்குக் கிடைத்த இடம் ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகம். நடைமேடைப் படிக்கட்டுக்கு அடியில் மூன்று அறைகள். உத்தரம் வரை இரும்பு அலமாரிகள். குடைகளுக்கென்றே ஒரு பீப்பாய். பல்செட்டுகளுக்கு ஒரு தகரப் பெட்டி. ஒற்றைச் செருப்புகள் வரிசையாக, எங்கேயோ நடந்துபோகிற மாதிரி. இவை எல்லாவற்றுக்கும் காவல் ஒரே ஓர் அம்மா. கத்தரித்த தலைமுடி, வாயில் எப்போதும் புதினா மிட்டாய். காப்பாளர் என்று மேஜைப் பலகையில் எழுதியிருக்கும். நாங்களும் அப்படியே அழைத்தோம். தடித்த நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி எழுதி அவருக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம்" என்றார் முதல் நாள். "ஒருத்தர் வந்து கேட்டா, இருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல சொல்லணும். மூணு மாசம் யாரும் தேடி வரலைன்னா அனுப்பிவிடற பட்டியல்ல சேக்கணும். இவ்வளவுதான்."

நாங்கள் மூன்று பேரும் ஆய்வகத்துக்குத் திரும்பினோம். பராக்கு திரும்பவில்லை. யாரும் தேடி வராத ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். நடைபாதை மட்டத்தில் இருந்ததால் அதில் கால்கள் மட்டுமே தெரியும். காலை வெயில் அதன் வழியே சரிந்து அலமாரிகளில் இறங்கும். யாராவது கடந்துபோனால் பொருட்களின் மேல் ஒரு நிழல் ஓடி மறையும். அப்போதெல்லாம் அங்கிருக்கும் குடையும் தொப்பியும் பையும் தங்களுக்குள் ஒரு முறை மூச்சு விட்டுக்கொள்வது போல் இருக்கும் என்று அவள் என்னிடம் பிறகு சொன்னாள்.

இரண்டாம் அலமாரியின் நடுவில் பாதி பின்னிய ஒரு ஸ்வெட்டர் இருந்தது. கருநீலம். ஊசிகள் இரண்டும் அதிலேயே செருகியிருந்தன. நூல் உருண்டை பக்கத்தில். ஒரு கை முடிந்திருந்தது, மறு கை தொடங்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு பெண்ணை மனதில் உருவாக்கிவிட்டாள்: மெலிந்த விரல்கள், தூரத்தில் வேலைபார்க்கும் கணவன், ரயிலில் ஜன்னலோர இருக்கை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தது.

"நேத்து என்ன செஞ்ச?"

"ஒரு ஸ்வெட்டரைப் பாத்துட்டிருந்தேன்."

"இன்னிக்கு?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

புயல் நெற்றியில் அடித்துக்கொண்டான். மதிப்பெண் நான்கு பேருக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் முதல் ஸ்பிரிண்ட் முடிவதற்குள் அவள் ஒரு நோட்டை மேஜை மேல் வைத்தாள். மற்ற அணிகளில் சோதனைப் பட்டியல் என்றால், இந்தப் பெட்டியில் எழுத்துக்குப் பதில் எண் போட்டால் என்ன ஆகும் என்கிற மாதிரி இருக்கும். இவளுடைய நோட்டில் ஆட்கள் இருந்தார்கள். 'மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர். எங்கள் திரையில் உள்ள எழுத்தை எப்படிப் படிப்பார்?' 'அவசரத்தில் இருப்பவர். ஏழு நிமிடத்தில் ரயில்.' 'தொலைத்தது என்ன நிறம் என்று தெரியாதவர். அது அவருடையதல்ல, மாமியாருடையது.' 'வெட்கப்படுபவர். பல்செட் என்று உரக்கச் சொல்ல மாட்டார்.'

மௌனி அதைப் படித்துவிட்டு, "எழுத்தைப் பெருசாக்கறேன்" என்றான். அவனுடைய அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

புயலுக்குத்தான் மூக்கின் மேல் கோபம் வந்தது. அவன் எழுதிய ஒவ்வொன்றிலும் இவளுடைய ஆட்கள் யாராவது வந்து இடறி விழுந்தார்கள். சுவரில் ஒரு பலகை வைத்திருந்தோம். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, சோதிப்பது, முடிந்தது என்று நான்கு கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. புயல் முடித்து நகர்த்திய சீட்டுகளை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி ஒட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் ஸ்பிரிண்டில் மட்டும் முப்பத்தொரு பிழை.

"உனக்கு என்னைக் குறை சொல்றதுதான் வேலையா?" என்று ஒரு நாள் வெடித்தான்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். "ஆமா. அதுதான வேலை?"

ஆய்வகமே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட்டத்தில் அவள் பேசும்போது கைபேசியைப் பார்த்தான். நான் சமாதானம் பேசியிருக்க வேண்டும்; அதுதான் என் பொறுப்பு. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு அது உறுத்தியிருக்கிறது. அவளுடைய அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர். சாப்பாட்டு நேரத்தில், "ஏம்மா மூஞ்சி தொங்கிட்டிருக்கு?" என்று கேட்டாராம்.

"ஒரு பையன் என்கிட்ட பேச மாட்டேங்கறான்ப்பா."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. "எந்தப் பையன்?" என்று ஈரக் கையோடு வந்து நின்றார் அம்மா.

"அய்யோ அம்மா, அவன் நிரல்ல நான் நிறைய தப்பு கண்டுபிடிச்சேன்."

"அவ்வளவுதானா" என்று ஏமாற்றத்தோடு திரும்பிப் போனாராம் அம்மா. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நான்காம் ஸ்பிரிண்டின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் பலகை காலியாக வேண்டும். ஒரே ஒரு சீட்டு மிச்சம்: மூன்று மாதம் ஆன பொருட்களை அனுப்பும் பட்டியலில் தானாகவே சேர்ப்பது. புயல் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தான். ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

"இதை ஒண்ணை மட்டும் விட்டுடேன். நானே சோதிச்சுப் பாத்துட்டேன். இருபத்து மூணாம் தேதி போட்டேன், இருபத்தேழு போட்டேன், எல்லாம் சரியா வருது."

அவளுடைய நோட்டில் அந்தச் சீட்டுக்கு நேராக ஒரு வரி இருந்தது: 'மாதத் தொடக்கத்தில் தொலைத்தவர்.' அவள் அதைப் பார்த்தாள். பிறகு தேநீரைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சீட்டை எடுத்து 'முடிந்தது' கட்டத்தில் ஒட்டினாள்.

"அவன் சிரிச்சான்டி, நெட்டை" என்றாள் அன்று பேருந்து நிறுத்தத்தில். "மூணு வாரம் கழிச்சு." அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும்தான்.

ஐந்தாம் ஸ்பிரிண்டில் அலுவலகத்தில் உண்மையாகவே ஓட்டிப் பார்த்தோம். காப்பாளர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குடை என்று தட்டினால் நூற்றுப் பதினான்கு குடையும் வரிசை கட்டி வந்தன. வெள்ளிக்கிழமை அனுப்பும் பட்டியலை அச்சடித்து, அதன்படி பொருட்களைச் சாக்கில் போட்டு, பழைய பொருட்களைத் தரம் பிரிக்கும் கூடத்துக்கு வண்டியில் ஏற்றிவிட்டார். இத்தனை வருடம் நோட்டைப் புரட்டி அரை நாள் செய்த வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை காலை பராக்கு அங்கே போனாள். வழக்கம்போல் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தாள். இரண்டாம் அலமாரியின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி இடம் காலியாக இருந்தது. வெயில் நேராகப் பின்சுவரில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ வந்து வாங்கிப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். மெலிந்த விரல்களைக்கூட மனதில் பார்த்துவிட்டாள்.

அப்போது கதவை முட்டிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். கதவுச் சட்டத்தை அடைத்த தோள்கள், கையில் மஞ்சள் தலைக்கவசம், பூட்ஸில் சிமெண்ட்.

"அம்மா, ரெண்டு மாசம் முன்னாடி ரயில்ல ஒரு ஸ்வெட்டரை விட்டுட்டேன். ஊருக்கு வெளிய பாலம் வேலை, இப்பதான் வர முடிஞ்சது. நீலம். பாதிதான் பின்னியிருக்கு."

காப்பாளர் தட்டினார். திரையைப் பார்த்தார். மிட்டாய் கன்னத்திலேயே நின்றது. "வெள்ளிக்கிழமை அனுப்பிட்டேன்னு காட்டுதே. ரெண்டு மாசம்தானா ஆச்சு?"

"ஒன்பதாம் மாசம் நாலாம் தேதி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு என் பிறந்தநாள்."

பராக்கு எட்டித் திரையைப் பார்த்தாள்; புரிந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் நான்காம் தேதியை எங்கள் நிரல் நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி என்று படித்திருந்தது. பன்னிரண்டுக்கு மேல் மாதம் கிடையாது என்பதால் இருபத்து மூன்று, இருபத்தேழு என்று போட்டபோதெல்லாம் அது தானே சுதாரித்துக்கொண்டு சரியாகப் படித்தது. மாதத் தொடக்கத்தில் தொலைந்தவற்றைத்தான் தலைகீழாக மாற்றியது. அவள் சோதிக்காமல் விட்ட அதே வரி.

"உங்க மனைவியோடதா?" என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது.

"யாரோடது?" அந்த ஆள் விழித்தார். "என்னோடதும்மா. நான் கிரேன் ஓட்டறேன். கீழ சுமை கட்டற வரைக்கும் மேல சும்மாதான உக்காந்திருக்கணும்? அறுபது மீட்டர் உயரம். பின்னுவேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மேல குளிரும்ல."

அவள் எழுந்து நின்றாள். "தப்பு என்மேலதான் சார். நான் சோதிக்காமலே சோதிச்சுட்டதா காட்டிட்டேன். நாளைக்கு இதே நேரம் வர முடியுமா? தேடிப் பாக்கறோம்."

ஆய்வகத்துக்கு வந்து எங்களிடமும் அதையே சொன்னாள். அழவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. புயல் ஏதாவது வாதாடுவான் என்று காத்திருந்தேன்.

"நானும் சரியா பாக்கலை" என்றான் கடைசியில். "ரெண்டு தேதியைப் போட்டேன், ரெண்டும் வந்துச்சு, விட்டுட்டேன். மூணாவதா ஒண்ணு போட்டா அது தப்பா வந்துடுமோன்னு பயம்."

"நான் உங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசியிருக்கணும்" என்றேன் நான்.

மௌனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். "எத்தனை பொருள்?"

பதினொன்று. பட்டியலில் தவறாகச் சேர்ந்தவை பதினொன்று.

தரம் பிரிக்கும் கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. விமானம் நிறுத்தலாம் போன்ற பெரிய கொட்டகை. உள்ளே துணிகள் மலைகளாகக் குவிந்திருந்தன. மேலிருந்த கண்ணாடிக் கூரை வழியே மங்கிய வெளிச்சம் பஞ்சுத் தூசியில் மிதந்து வந்தது. காலடிச் சத்தம்கூட எழவில்லை. பராக்கு வாசலிலேயே நின்று மேலே பார்த்தாள். தூசி எங்கள் நான்கு பேர் தலையிலும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"பராக்கு, இப்ப வேண்டாம்" என்றான் புயல். ஆனால் அவன் குரலில் கோபம் இல்லை. அவனும் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஆளுக்கொரு மலை எடுத்துக்கொண்டோம். மதியம் போய், வெளிச்சம் சிவக்கும் வரை தேடினோம். ஒரு தோல் பை, ஒரு நாய்க் கழுத்துப்பட்டை, இரண்டு குடை, ஒரு புல்லாங்குழல் உறை என்று ஒன்பது கிடைத்தன. ஒரு குழந்தைச் சட்டையும் ஒரு கைக்கடிகாரமும் கிடைக்கவே இல்லை. அந்த ஒன்பதில் ஸ்வெட்டரைக் கண்டுபிடித்தது மௌனி. தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். ஆனால் ஊசிகள் இல்லை. அங்கே வேலைசெய்யும் பெண்மணி, கையில் குத்திவிடும் என்று உருவிப் போட்டிருந்தார். கண்ணிகள் கழன்று, சுருள் சுருளாக நூல் தொங்கியது.

மறுநாள் அந்த ஆள் வந்தார். ஸ்வெட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய கட்டைவிரலால் கழன்ற வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 

"பதினாறு வரிசை போச்சு" என்றார்.

"மன்னிச்சுடுங்க சார்" என்றாள் பராக்கு.

"நாலு நாள் வேலை." மடித்துப் பைக்குள் வைத்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கதவு வரை போய்த் திரும்பி, "இந்த மெஷின் இப்ப தேதியைச் சரியா படிக்குதா?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரியே மாத்திட்டேன் சார்" என்றான் புயல். "இவ இன்னும் சரின்னு சொல்லலை."

அந்த வாரம் கைக்கடிகாரத்தைத் தேடி வந்து எண் கொடுத்துவிட்டுப் போனவரை அவளே தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் பேசியவர் பத்து நிமிடம் ஏசினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். குழந்தைச் சட்டையைத் தேடி யாரும் வரவில்லை.

கடைசி ஸ்பிரிண்டில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. நான்கு பேரும் அவளுடைய நோட்டை வைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதித்தோம். 'முடிந்தது' கட்டத்துக்குள் ஒரு சீட்டு போக வேண்டும் என்றால், எழுதியவர் அல்லாத இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். புயல் பிறகு அவளோடு சண்டை போடாமல் இருந்தான் என்று சொல்ல மாட்டேன். தினமும் போட்டான். ஆனால் சண்டைக்கு நடுவில் அவனே, "சரி, ஒரு கையில கட்டு போட்டவர் வந்தா என்ன பண்ணுவார்?" என்று புது ஆட்களை உருவாக்கத் தொடங்கினான்.

கடைசியாக எல்லார் முன்னும் செய்துகாட்டிய நாளில் தேதிப் பிழையை நாங்களே முதலில் சொன்னோம். பேராசிரியை நெடுநேரம் எதையோ எழுதினார். மதிப்பெண் நடுத்தரம்தான் வந்தது. காப்பாளர் அம்மா மட்டும் கூட்டத்தில் எழுந்து, "எனக்கு இது போதும். என் மணிக்கட்டு வீக்கம் வத்திடுச்சு" என்று கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

பராக்கு படிப்பை முடித்ததும், காது கேளாதவர்களுக்கான கருவிகள் செய்யும் ஓர் இடத்தில் சோதனை வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். கருவிக்குள் ஓடும் நிரலில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். முதல் மாதம் மேலாளர், "இந்தப் பொண்ணு எங்க போகுது?" என்று தேடினாராம். இப்போது யாரும் தேடுவதில்லை.

போன வாரம் வேலை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். பூங்காவில் ஏரியோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அருகில் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. மடியில் நோட்டு. எட்டிப் பார்த்தேன். 'இலை: கேட்கிறது. சைக்கிள் மணி: கேட்கிறது, கொஞ்சம் கூர்மை அதிகம். தூரத்தில் இரண்டு பேர் சண்டை: வார்த்தை தெளிவில்லை, கோபம் தெரிகிறது. தண்ணீரில் வாத்து இறங்குவது:' என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் நிறுத்தியிருந்தாள்.

வாத்து இன்னும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தது. நானும் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.